படுத்துக்கொண்டே பத்து சிட்டிங்

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் முதுகு பிடித்துக்கொண்டால் முதல் காரியம், அதை யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்வது. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஆடி வெள்ளிக்கு வாழையிலைக் கட்டை எடுக்கக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றுவிட்டேன். இலைக்காரர் ‘கீ ஹோலோ, கீ ஹோலோ’ (என்ன ஆச்சு) என்று பதறினார். பூக்கட்டுகிற அம்மா நாரைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். ராஷ்பிஹாரி அவென்யூவில் ஆட்டோவுக்கு நின்றவர்கள் வரிசை கலையாமலே வைத்தியம் சொன்னார்கள். டல்ஹவுசி ஆபீசில் 35 வருஷம் ஒரே நாற்காலியைத் தேய்த்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவன் நான். இடுப்பு என்று ஓர் உறுப்பு எனக்கு இருப்பது அன்றைக்குத்தான் ருசுவாயிற்று.

அதற்குப் பிறகு எட்டு மாதம் கைக்காசு போட்டுப் படித்த படிப்பு இது. பிசியோதெரபி, ரிஹாப் பிலாட்டீஸ் என்றெல்லாம் பலகை தொங்கும் படிகளை இனிமேல் ஏறப்போகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஏற முடியாதவர்கள் லிஃப்ட் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முட்டி வலிக்காரர்களுக்கான கிளினிக்கை மூன்றாவது மாடியில் வைப்பது இந்த ஊர்ச் சம்பிரதாயம்.

தெருவைக் கலந்தாலோசித்தல்

நீங்கள் கலக்காவிட்டாலும் தெரு உங்களோடு கலக்கும். எதிர்வீட்டு தாதாவுக்கு (இங்கே தாதா என்றால் அண்ணன்தான், பயம் வேண்டாம்) உலகத்தில் மொத்தமே இரண்டு வியாதி. ஒன்று, குளிர்ந்த காற்று பட்டது. மற்றது, கேஸ். வயிற்றிலிருந்து கிளம்பிய கேஸ் போக்கிடம் இல்லாமல் என் இடுப்பில் தங்கிவிட்டது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். மூன்றாவது மாடி மாமி, “பாட்டி காலத்துல அம்மி அரைச்சா, ஆட்டுக்கல்லு ஆட்டினா, யாருக்கு இடுப்பு வலிச்சது?” என்றாள். என் பாட்டிக்கு வலித்தது. கூடத்து மாடத்தில் எந்நேரமும் ஒரு அமிர்தாஞ்சன் டப்பா இருக்கும். அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை, அவ்வளவுதான்.

தாதாவின் அடுத்த கேள்வியில் நியாயம் இருந்தது. “உங்கள் ஊரிலேயே வேலூர் இருக்கிறதே, இங்கே யாரிடம் காட்டப்போகிறீர்கள்?” என் ஊர் கும்பகோணம். வேலூரை நான் ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. தாதா ஐந்து தடவை போயிருக்கிறார். காட்பாடியில் இறங்கி எந்தப் பக்கம் ஆட்டோ பிடிப்பது, எந்த லாட்ஜில் மீன் குழம்பு கிடைக்கும், எந்தக் கவுண்டரில் காலை எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும், எல்லாம் மனப்பாடம். ‘எங்கே வலி’, ‘சாப்பாட்டுக்கு அப்புறம்’, ‘அடுத்த மாசம் வாங்க’ என்ற மூன்று தமிழ் வாக்கியங்களைச் சுத்தமாகச் சொல்வார். மூன்றும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கற்றவை.

அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. நம் நாட்டில் மறுவாழ்வு மருத்துவம் வேரூன்றிய இடங்களில் முக்கியமானது வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸுக்கு 1954-இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போயிற்று. அதற்குப் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் போய் இந்தத் துறையைப் படித்துத் திரும்பி, சி.எம்.சி.யில் அதற்குத் தலைமை ஏற்றார். பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் 1966-இல் வந்தது. முதுகெலும்பு முறிந்தவர்கள் மறுபடி உட்காரவும் உடுத்தவும் பழகுகிற இடம் அது. வாழையிலைக்குக் குனிந்தவன் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டு அங்கே போய் நிற்க எனக்கே வெட்கமாக இருந்தது.

படம் எடுத்துப் பயந்துகொள்ளுதல்

அடுத்தது எம்.ஆர்.ஐ. அந்தப் பெரிய கவரைக் கையில் பிடித்துக்கொண்டு மார்க்கெட் வழியாக ஒரு தடவை நடந்து பாருங்கள். கறிவேப்பிலை கேட்காமலே கிடைக்கும். ரிப்போர்ட்டில் ‘எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்’ என்றும் ‘டீஜெனரேட்டிவ் சேஞ்சஸ்’ என்றும் எழுதியிருக்கும். இரண்டாவது வார்த்தைக்கு அகராதி பார்க்காதீர்கள், ராத்திரி தூக்கம் போய்விடும்.

நான் பார்த்தேன், தூக்கம் போயிற்று, விடிய விடிய மேலும் படித்தேன். அப்படிக் கிடைத்த ஒன்று உங்களுக்கும் உதவும். முதுகுவலியே இல்லாத 3,000 சொச்சம் பேரின் படங்களை, 33 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2015-இல் வெளியிட்டிருக்கிறார்கள். 20 வயதிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. 60 வயதில் 69 பேருக்கு. 80 வயதில் 84 பேருக்கு. எவருக்கும் வலி கிடையாது. என் வயதில் டிஸ்க் பிதுங்காதவன்தான் சிறுபான்மை. நரைக்கும் வழுக்கைக்கும் படம் எடுத்தால் அதற்கும் இப்படி ஒரு ரிப்போர்ட் வரும்.

இந்தக் கட்டுரையில் கேலி இல்லாத பத்தி இது ஒன்று. சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனால், தொடையிடுக்கு மரத்துப்போனால், காலில் பலம் குறைந்து பாதம் தொங்கினால், விழுந்த பிறகு வலி வந்தால், காய்ச்சலோடு அல்லது காரணமில்லாமல் உடம்பு இளைத்து வலி வந்தால், பிசியோவும் வேண்டாம் பிலாட்டீஸும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பர்ஸைத் தயார் செய்தல்

மெடிக்ளெய்ம் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம், பாரமாவது குறையும். பொதுவாக 24 மணி நேரம் அட்மிட் ஆகிப் படுத்தவனுக்குத்தான் அது கை கொடுக்கும். ஆபரேஷன் ஆனவர்களுக்கு, டிஸ்சார்ஜுக்குப் பிறகு பாலிசியில் சொல்லியிருக்கிற நாள்வரை பிசியோ பில் வாங்கிக்கொள்வதுண்டு. நடந்து போய் நடந்து வருகிறவனின் வலி கம்பெனிக் கணக்கில் வராது.

ஜி.எஸ்.டி. விஷயம் இன்னும் ருசியானது. மருத்துவச் சிகிச்சைக்கு வரி இல்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்கும் யோகா வகுப்புக்கும் உண்டு, 18 சதவீதமாக இருந்ததை 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆக்கினார்கள். ஒரே பாயில் படுத்து ஒரே காலைத்தான் தூக்குகிறீர்கள். அது சிகிச்சையா வகுப்பா என்பதை பில் போடுகிறவர் முடிவு செய்வார். முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

காசு போடாத வழியும் இருக்கிறது. பி.ஜி. ஆஸ்பத்திரி அவுட்டோரில் சீட்டு இரண்டு ரூபாய். பான்ஹூக்ளியில், பி.டி. ரோட்டில், கை கால் இயக்கக் குறைபாடுகளுக்கென்றே மத்திய அரசின் தேசிய நிறுவனம் 1978-இலிருந்து இருக்கிறது. காளிகாட் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் பராநகர் பக்கம் இறங்கிப் போய்விடலாம். அங்கெல்லாம் படிப்புக்கோ அனுபவத்துக்கோ குறைவில்லை. ஆனால் காலை வெள்ளென போய் வரிசையில் நிற்க வேண்டும், நிற்பதற்கு ஒரு நல்ல முதுகு வேண்டும். அது இருந்தால் எதற்குப் போகிறோம்?

கிளினிக் பலகையில் பெயருக்குப் பின்னால் பி.பி.டி. அல்லது எம்.பி.டி. இருக்கிறதா என்று பாருங்கள். பி.பி.டி. என்றால் பயிற்சிக்காலம் சேர்த்து நாலரை வருஷத்துக்குக் குறையாத படிப்பு. 2021-இல் வந்த மத்தியச் சட்டத்தின் கீழ் பிசியோதெரபியும் அங்கீகாரம் பெற்ற மருத்துவத் தொழில். பிலாட்டீஸ் சொல்லித்தருகிறவருக்கு அப்படி ஒரே மாதிரியான படிப்பு கிடையாது. சிலர் வருஷக்கணக்கில் படித்திருப்பார்கள், சிலர் சில சனி ஞாயிறுகளில் முடித்திருப்பார்கள், சான்றிதழ் இரண்டு பேருக்கும் கண்ணாடி போட்டுத்தான் தொங்கும். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா என்ற சண்டைக்குள் போகாதீர்கள். கூடாது என்று 2025 செப்டம்பரில் டில்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றார்கள். என்னைப் பார்த்த பெண்ணை நான் ‘மா’ என்று கூப்பிட்டேன். வங்காளத்தில் பெரியவர்கள் சின்னப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், தமிழுக்கும் பொருந்திப்போயிற்று.

மிஷினுக்கு நேர்ந்துவிடுதல்

நான் முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். பத்து சிட்டிங் பேக்கேஜ் 7,000 ரூபாய், மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும், பணம் திரும்பாது, ஆள் மாறக்கூடாது. சிட்டிங் என்று பெயரே தவிர பத்து தடவையும் படுக்கத்தான் வேண்டும்.

பச்சைத் திரை. ரெக்சின் கட்டில். சட்டையைத் தூக்கி நாலு ஈரப் பஞ்சை இடுப்பில் வைத்து பெல்ட்டால் கட்டுவார்கள். அதுதான் ஐ.எஃப்.டி. என்கிற மின்சார வைத்தியம். பொத்தானைத் திருகியபடி, “பிப்ரே?” என்று கேட்பார் அந்தப் பையன். எறும்பு ஊர்கிறதா என்று பொருள். ஊர்கிறது என்றால் இன்னும் கொஞ்சம் திருகுவார். ‘போதும்’ என்று நீங்கள் தமிழில் கத்தும் இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுவார். நாலு திரை, நாலு முதுகு, ஒரு பையன். பதினைந்து நிமிஷம் கழித்து டிங் என்று மணி அடிக்கும். பிறகு ஜில்லென்ற ஜெல் தடவி அல்ட்ராசவுண்டு, பிறகு சுடச்சுட ஹாட் பேக். இட்லிப் பானையிலிருந்து எடுத்த மாதிரி ஆவி பறக்கும். எழுந்திருக்கும்போது உண்மையிலேயே சுகமாக இருக்கும். அந்தச் சுகம் கோமள விலாஸ் வரை நடந்து ஒரு காபி குடித்து வீடு திரும்பும்வரை நிற்கும்.

ஒன்பதாவது சிட்டிங்கில்தான் எனக்கு உறைத்தது, இதுவரை நான் எதுவுமே செய்யவில்லை. செய்ததெல்லாம் மிஷின். இங்கிலாந்தில் அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டுகிற ‘நைஸ்’ அமைப்பு 2016-இலேயே இடுப்பு வலிக்கு ஐ.எஃப்.டி., டென்ஸ், அல்ட்ராசவுண்டு, டிராக்‌ஷன், இடுப்பு பெல்ட் எதுவும் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அது தரச் சொல்வது உடற்பயிற்சி. இங்கே பல இடங்களில் கணக்கு தலைகீழ்: அரை மணி மிஷின், கிளம்பும்போது “வீட்டில் கொஞ்சம் பேயாம் (உடற்பயிற்சிதான்) பண்ணுங்கள்” என்று ஒரு வார்த்தை.

பத்தாவது சிட்டிங்குக்குத் துணையாக என் அக்கா வந்தாள். கும்பகோணத்திலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, வங்காளி ஒரு சொல் தெரியாது. கடைசி நாளாயிற்றே என்று அந்தப் பையன் ஒரு பயிற்சி சொல்லித்தர ஆரம்பித்தான். இடது கால் அவர்கள் பாஷையில் ‘பாம் பா’. துலுன் என்றால் தூக்குங்கள். “பாம் பா துலுன்!” என்றான் உரக்க. அக்கா “பாம்பா? எங்கேடா?” என்று அலறி, இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிச் சம்மணம் போட்டுவிட்டாள். அவளுக்கு 71 வயது. அந்த அறையில் அன்றைக்கு முட்டியை முழுசாக மடக்கியவள் அவள் ஒருத்திதான்.

பிலாட்டீஸ் என்று உச்சரித்தல்

பெங்களூரிலிருந்து மகள் போன் செய்து, பைலேட்ஸ் போ அப்பா என்றாள். நான் அதை மார்க்கெட்டில் மாமியிடம் சொன்னேன், ஆட்டோ சத்தத்தில் அவள் காதில் பாதிதான் விழுந்தது. மறுநாள் காலையில் தூக்குச்சட்டி நிறையக் கருணைக்கிழங்கு மசியல் வந்தது. “ஆபரேஷனுக்கெல்லாம் ஒத்துக்காதீங்கோ. பைல்ஸுக்கு இதைவிட மருந்து கிடையாது.” மசியல் பிரமாதம். மறுக்க மனம் வரவில்லை. இன்றைக்கும் அந்தக் கட்டடத்தில் எனக்கு மூலம்தான். அதனால் ‘பிலாட்டீஸ்’ என்று நிறுத்தி, திருத்தமாகச் சொல்லப் பழகுங்கள்.

பெயர் ஒரு மனிதருடையது. ஜோசப் பிலாட்டீஸ், 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போர் வந்தபோது இங்கிலாந்தில் இருந்தார். எதிரி நாட்டுக்காரர் என்று ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் அடைத்தார்கள், அங்கே கூட இருந்தவர்களுக்கெல்லாம் பயிற்சி சொல்லித்தந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஸ்பிரிங்கைக் கழற்றி நோயாளியின் கை காலில் மாட்டினார் என்று ஒரு கதை உலவுகிறது. கட்டிலும் ஸ்பிரிங்கும் இன்றுவரை விடவில்லை. தன் முறைக்கு அவர் வைத்த பெயர் கன்ட்ராலஜி. 1920-களில் நியூயார்க் போனார், அங்கே நடனக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். 1967-இல் இறந்தார். பெயரை வாரிசாக விட்டுப்போனார்.

என்ன உடுத்துவது? வேட்டி கூடாது. நான் கட்டிக்கொண்டு போய், வாசலிலேயே திரும்பினேன். கரியாஹாட் நடைபாதையில் டிராக் பேன்ட் 250 சொல்வார்கள், 160-க்குப் படியும். ஸ்டூடியோவில் அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கச் சொல்வார்கள், அது படியாது. ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். படித்துப் பார்த்தால் நீங்கள் உயிரோடு திரும்பாவிட்டாலும் ஆட்சேபம் இல்லை என்ற மாதிரி இருக்கும். போடுங்கள், வேறு வழியில்லை. ஒரு சிட்டிங் 1,500.

ரீஃபார்மர் என்பது தண்டவாளத்தில் ஓடுகிற கட்டில். தலைமாட்டில் தோளை முட்டுக்கொடுக்க இரண்டு கட்டை, கால்மாட்டில் உதைக்க ஒரு கம்பி, அடியில் நிறம் நிறமாக ஸ்பிரிங். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலம். படுத்துக் காலால் உதைத்தால் கட்டில் போகும், மெதுவாக விட்டால் வரும். நான் முதல் தடவை உதைத்த உதையில் சுவர்க் கண்ணாடி அதிர்ந்தது.

“ஆஸ்தே, மேஷோமோஷாய்.” மெதுவாக, சித்தப்பா. எம்.பி.டி. படித்த பெண், இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். என் எம்.ஆர்.ஐ. கவரை வாங்கி, திறக்காமல் நாற்காலிமேல் வைத்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. தரையிலிருந்து ஒரு பேனாவை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். மறுபடி எடுக்கச் சொன்னாள். மூன்றாம் தடவை எடுக்கும்போது கேட்டாள்: “மூச்சை ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள்?” நான் பிடிப்பது எனக்குத் தெரியாது. அதுவரை என் முதுகைப் படம் எடுத்தார்கள், சூடு போட்டார்கள், ஷாக் வைத்தார்கள். நான் குனிவதை யாரும் பார்க்கவில்லை. அடிவயிற்றில், இடுப்பு எலும்புக்குச் சற்று உள்ளே, என்னுடைய விரலையே வைக்கச் சொல்லி இருமச் சொன்னாள். இருமினேன். விரலுக்கடியில் ஏதோ ஒன்று துள்ளி எழுந்து அடங்கியது. “இதுதான். இதைக் கூப்பிட்டுவிட்டுக் குனியுங்கள்” என்றாள்.

‘ஆர் ஏக்டா’ என்ற சொல்லுக்கு மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். இன்னும் ஒன்றே ஒன்று என்று அர்த்தம். அது ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை. எட்டு எண்ணி, ஆர் ஏக்டா சொல்லி, மறுபடி எட்டு எண்ணுவாள். நான் தமிழில் எண்ணினால் அவளால் ஏமாற்ற முடியாது என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் அவள் ஆறு வரை தமிழில் எண்ணக் கற்றுக்கொண்டாள், ஏழு அவள் நாக்கில் நிற்கவில்லை, அதனால் ஆறுக்குப் பிறகு மறுபடி ஒன்று.

மூன்றாவது தடவை அந்தக் கட்டிலைத் தொடவே இல்லை, தரையில் பாய் போட்டாள். 1,500 கொடுத்துத் தரையில் படுப்பதா என்று எனக்கு உள்ளூரக் கொதித்தது, கேட்டும்விட்டேன். வீட்டில் ரீஃபார்மர் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டாள். அதோடு நான் அடங்கினேன். அவள் பக்கம் ஆதாரமும் இருக்கிறது. இடுப்பு வலிக்குப் பிலாட்டீஸ் பற்றிய ஆய்வுகளையெல்லாம் சலித்து 2015-இல் வந்த காக்ரேன் அறிக்கை, சும்மா இருப்பதைவிட இது மேல், வேறு உடற்பயிற்சிகளைவிட மேல் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை என்கிறது. ஏரிக்கரையில் காலை நடையும் வீட்டில் பாயும் கணக்கில் சேரும். ஸ்பிரிங்குக்குக் கொடுக்கிற காசு வீண். கண் கொட்டாமல் நம்மைப் பார்க்கிற ஒரு ஆளுக்குக் கொடுக்கிற காசு வீணில்லை. கணக்குப் பார்த்த வரையில் இதுதான் என் முடிவு.

வீட்டுப்பாடத்தை ஏமாற்றுதல்

முடியாது. ‘செய்தீர்களா?’ என்பாள், செய்தேன் என்பீர்கள், படுக்கச் சொல்வாள், பத்து நொடியில் தெரிந்துவிடும். ஒரு தாளில் குச்சி மனிதர்களாக ஐந்து பயிற்சி வரைந்து கொடுத்தாள். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அதில் ஒரு குச்சி மனிதர் காபி டவரா தூக்கும் கோணத்தில் இருப்பதால் அவரை மட்டும் எனக்குப் பிடிக்கும். மேதினிப்பூர் மாதூர் பாயை விரித்துக் காலையில் இருபது நிமிஷம். பூஜை வாரத்தில் ஊர் முழுக்க சிட்டிங் ரத்து, தேஷப்ரியோ பார்க் வரிசையில் பிசியோவும் நோயாளியும் ஒன்றாக நிற்பார்கள். நம் வீட்டில் அதே வாரம் கொலு. பரணிலிருந்து மரப்பாச்சிப் பெட்டியை இறக்கும் வேலையை இந்த வருஷம் எதிர்வீட்டு தாதாவின் மகனிடம் விட்டேன். அவனுக்கு இப்போது இடுப்பு பிடித்திருக்கிறது, கேஸ் என்கிறார் தாதா.

நீங்கள் எங்கே போனாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “எத்தனையாவது சிட்டிங்கோடு நான் வராமல் இருக்கலாம்?” பேக்கேஜ் அட்டையைக் காட்டுகிறவரிடம் கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிடுங்கள். யோசித்து ஒரு எண்ணைச் சொல்கிறவரிடம் சேருங்கள். என்னுடைய பெண் ஆறு என்றாள். ஏழு ஆயிற்று.